மனாலி–லே பைக் பயணம்: பயிற்சி எடுத்த பிறகும் ஏன் விழுந்தேன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஆகஸ்டில் நானும் என் சித்தப்பா மகனும் ஆளுக்கொரு வண்டியில் மனாலியிலிருந்து லடாக்கின் லே வரை போய், த்ஸோ மோரிரி, த்ஸோ கர் ஏரிகள் வழியாகத் திரும்பினோம். புறப்படும் முன் பெங்களூருக்கு அருகே ஒரு மண்தளத்தில் இரண்டு நாள் கரட்டுப் பாதைப் பயிற்சி எடுத்திருந்தோம். அப்படியும் நான் நான்கு முறை விழுந்தேன். தம்பி, வழியிலுள்ள சர்ச்சு என்ற கூடார முகாமில், மலை உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயரநோயில் படுத்துவிட்டான்.

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வண்டி ஓட்டுபவர்களும், அவர்கள் அனுப்பி வைப்பவர்களும் அன்றிலிருந்து ஒரே சந்தேகங்களைக் கேட்டு வருகிறார்கள். தொலைபேசியில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாள் பயிற்சி எடுத்தால் போதுமா? நேராக லடாக்குக்குக் கிளம்பிவிடலாமா?

கிளம்பலாம், ஆனால் இடையில் இரண்டு மாதமாவது விடுங்கள். பயிற்சி முடிந்த அன்று எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் இருக்கும். பத்து நாள் கழித்து ஒரு ஜல்லிச் சரிவில் இறங்கும்போது கை பழைய பழக்கத்துக்கே போய் முன்பிரேக்கை அழுத்தும். நாங்கள் ஓசூரைச் சுற்றியுள்ள வறண்ட ஏரிப் படுகைகளிலும் கல்குவாரிப் பாதைகளிலும் எட்டு ஞாயிறுகள் ஓட்டினோம். அந்த எட்டு நாட்கள் இல்லாமல் போயிருந்தால் நான்கு விழுகைகள் பதினான்காகியிருக்கும்.

எனக்கு இருபது வருடமாக வண்டி ஓட்டத் தெரியும். பயிற்சியில் புதிதாக என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

தார்ச்சாலையில் இருபது வருடம் ஓட்டியவருக்குத்தான் மறக்க வேண்டியது அதிகம். கரட்டுப் பாதையில் கால்மிதியில் எழுந்து நின்று ஓட்ட வேண்டும். நின்றால் வண்டி கீழே தனியாக ஆடும், உடம்பு அதோடு சேர்ந்து ஆடாது. முழங்கால்கள் பெட்ரோல் டேங்கைப் பிடித்திருக்க, கைகள் ஹேண்டிலைத் தளர்வாகத் தொட்டிருக்க வேண்டும். பார்வை முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லில் விழாமல், வண்டி போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கண் போகும் இடத்துக்கு வண்டியும் போகும். இதைக் கேட்கும்போது எளிதாகத் தோன்றும். உடம்புக்குள் இறங்க நாளாகும்.

இவற்றோடு, மண்ணில் முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் எந்த அளவில் பிடிப்பது, ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் வண்டியைப் பின்னோக்கி எப்படி இறக்குவது, விழுந்த வண்டியை எப்படித் தூக்குவது ஆகியவற்றையும் சொல்லித்தருவார்கள். கடைசியில் சொன்னதுதான் எனக்கு மிக அதிகமாகப் பயன்பட்டது.

நான்கு முறை விழுந்தேன் என்கிறீர்களே, அப்படியென்றால் பயிற்சி வீண்தானே?

இல்லை. நான்கு முறையும் எலும்பு முறியாமல் எழுந்தேன். அதற்குப் பயிற்சியும், கணுக்கால் வரை மூடும் காலணியும், முழங்கால் கவசமும்தான் காரணம். ஆனால் இந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. லேயில் ஓய்வெடுத்த நாட்களில், அதுவரை நடந்த மூன்று விழுகைகளையும் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதிப் பார்த்தேன். ஜிஸ்பாவில் மாலை நாலரை. ஜிங்ஜிங் பார் தாண்டிய ஓடையில் மூன்றேகால். உப்ஷிக்கு முன்னால் ஒரு வளைவில் ஐந்து மணி. மூன்றும் மாலை மூன்று மணிக்குப் பிறகு, மூன்றும் மதியம் ஒழுங்காகச் சாப்பிடாத நாளில்.

பயிற்சித் தளத்தில் காலை எட்டு மணிக்கு, பையில்லாத வண்டியில், நன்றாகத் தூங்கி எழுந்த உடம்போடு கற்றுக்கொண்டோம். மலையில் பதினைந்து கிலோ மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஏழு மணி நேரம் ஓட்டிய பிறகு அதே வித்தையைச் செய்ய வேண்டியிருந்தது. கைக்குத் தெரிந்ததைக் களைப்பு மறக்கடித்துவிடுகிறது. என் ஒவ்வொரு விழுகையும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே, நான் எடுத்த ஏதோ ஒரு முடிவில் தொடங்கியிருந்தது. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஜிஸ்பாவில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே சாய்ந்ததாமே, எப்படி?

தங்கும் கூடாரத்துக்கு முன்னால், ஆற்றங்கரை மணலில் சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டாண்டின் நுனி மெல்ல மணலுக்குள் இறங்கியது. வண்டி என் பக்கமாகவே சாய்ந்தது. தாங்கிப் பிடிக்கப் பார்த்தேன், இடது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. சாயும் வண்டியைப் பிடிக்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வண்டியின் மேல் இருக்கும் பாசம் கையை நீட்ட வைத்துவிடுகிறது.

அன்று முதல் உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டையான மரத்துண்டில் கயிறு கட்டி, ஹேண்டிலில் மாட்டி வைத்திருக்கிறேன். மண்ணில் நிறுத்தும்போது அதை ஸ்டாண்டுக்கு அடியில் போடுவேன். கிளம்பும்போது உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்து எடுத்துக்கொள்ளலாம்.

200 கிலோ வண்டியைத் தனியாளாகத் தூக்க முடியுமா? நான் 55 கிலோதான்.

முடியும். என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 கிட்டத்தட்ட 200 கிலோ. மூட்டை தனி. முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். முதல் கியரில் போட்டால் உருளாது. பிறகு ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பைப் பொருத்தி உட்காருங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியிலும் இன்னொரு கை பின்னாலுள்ள கம்பியிலும் இருக்கட்டும். முதுகை நேராக வைத்து, சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தால் தொடைகள்தான் தூக்கும்.

4,000 மீட்டருக்கு மேல் ஒரு எச்சரிக்கை. தூக்கி முடித்ததும் மூச்சு வாங்கும், கண் இருட்டும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். விழுந்தவுடன் பதறித் தூக்காமல், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மூட்டையை அவிழ்த்துவிட்டுத் தூக்குங்கள்.

ஓடையில் விழுந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். அதுதான் எனக்கு மிகவும் பயம்.

இந்தப் பாதையின் ஓடைகள் பனி உருகி வருபவை. காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயில் ஏறிய பிறகு மாலை மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும். எங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் அன்று ஜிஸ்பாவிலிருந்து பதினொன்றரைக்குத்தான் கிளம்பினோம். தீபக் தால் ஏரியில் படம் எடுத்தோம். பழுதாகி நின்ற ஒரு லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஓடையை அடைந்தபோது மூன்று தாண்டிவிட்டது.

கடப்பதற்கு முன் இறங்கி நடந்து ஆழம் பார்க்க வேண்டும் என்பது முதல் விதி. எனக்கு முன்னால் ஒரு லாரி எளிதாகக் கடந்து போனது. அதைப் பார்த்து நடக்காமல் விட்டேன். லாரியின் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே உருண்டைக் கற்கள் குவிந்து கிடக்கும். இருசக்கர வண்டி ஏதாவது ஒரு சக்கரத் தடத்திலேயே போக வேண்டும். நான் நடுவில் இறங்கினேன். முதல் கியர், நின்ற நிலை, சீரான ஆக்ஸிலரேட்டர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாதி தூரத்தில், பழுப்பு நீருக்கடியில் தேங்காய் அளவுக் கல் ஒன்று தெரிந்தது. கண் அதில் நின்றது. முன்சக்கரமும் அதில் ஏறி வழுக்கியது. ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டேன். இடப்பக்கமாக விழுந்தேன்.

அந்த நீரின் குளிரை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதல் சில நொடிகள் கால் எரிவதுபோல் இருந்தது, பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. சாலை வேலை செய்துகொண்டிருந்த ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் மூன்று பேர் ரப்பர் காலணியோடு இறங்கி, தம்பியோடு சேர்ந்து வண்டியைக் கரைக்குத் தள்ளினார்கள். ஒருவர் தன் தேநீரை என் கையில் வைத்தார். அந்த டம்ளரைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை.

எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டால் உடனே ஸ்டார்ட் செய்து வெளியேற்றலாமா?

கூடவே கூடாது. ஓடையில் விழுந்த எஞ்சினின் ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடாதீர்கள். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால், இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அதன் பிறகு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

வண்டியைக் கரையேற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் காய்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். தண்ணீர் நின்ற பிறகு பிளக்கைத் துடைத்து மாட்டலாம். எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், ஆயிலை மாற்றும்வரை ஓட்டக் கூடாது. எனக்கு ஃபில்டரின் ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது.

சாதாரணக் காப்பீடு இப்படித் தண்ணீரால் ஏற்படும் எஞ்சின் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கிளம்பும் முன் உங்கள் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள்.

என்னென்ன உதிரி பாகங்கள் கொண்டுபோக வேண்டும்?

கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், முன்பின் ட்யூப்கள், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ்கள், செயின் இணைப்பு, கொஞ்சம் கம்பி, பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள். புதிய கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வைத்துவிட்டால், அறுந்தவுடன் நுனிகளை மாற்றிப் பூட்டினால் போதும்.

எதைக் கொண்டுபோகிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். ஓடையில் விழுந்தபோது என் கிளட்ச் லீவர் முறிந்தது. மாற்று லீவர் இருந்தது, ஸ்பேனரும் இருந்தது. இரண்டும் பையின் அடியில், உடைகளுக்குக் கீழே இருந்தன. ஈரக் கையோடு, காற்றில், என் துணிகளையெல்லாம் சாலையில் பரப்பித்தான் அந்த ஸ்பேனரை எடுத்தேன். இப்போது கருவிப்பை சீட்டுக்குப் பின்னால் தனியாக, மூட்டையை அவிழ்க்காமல் எடுக்கும் இடத்தில் இருக்கிறது. இன்னொன்று: லீவர்களைத் தாங்கும் பிடியை மிக இறுக்கமாக முடுக்காதீர்கள். விழும்போது அது கொஞ்சம் சுழன்று கொடுத்தால் லீவர் முறியாது.

பஞ்சர் ஒட்டத் தெரியாது. வழியில் கடை இருக்காதா?

கேலாங் ஊரைத் தாண்டினால் நம்பாதீர்கள். வீட்டிலேயே இரண்டு சக்கரங்களையும் கழற்றி, ட்யூப் மாற்றிப் பழகுங்கள். வீட்டு வாசலில் முதல்முறை செய்தபோது, டயர் லீவரால் புது ட்யூப்பையே கடித்து ஓட்டையாக்கினேன். அது மலைமேல் பாங் என்ற இடத்தில் நடக்காமல் ஓசூரில் நடந்தது என் நல்ல நேரம்.

பெட்ரோல் தீர்ந்துவிடாதா?

தாண்டி என்ற ஊரில் நிரப்பிவிடுங்கள். அடுத்த பங்க் வெகுதூரம் என்று அங்கேயே பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது, லேக்கு முன்னால் காரூ என்ற ஊர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் எதுவும் இல்லை. 15 லிட்டர் டேங்கோடு ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தால் கவலை வேண்டாம்.

மணலில் எப்படி விழுந்தீர்கள்? அது காலை நேரம் என்று சொன்னீர்களே.

ஆமாம், நான்காவது விழுகை மட்டும் காலை பதினொரு மணிக்கு. திரும்பும் வழியில், த்ஸோ கர் ஏரியிலிருந்து டெப்ரிங் போகும் தடத்தில். அன்று களைப்பே இல்லை. பத்து நாள் மலையில் ஓட்டிவிட்டோம், இனி என்ன என்ற நினைப்பு இருந்தது. மணலில் முன்சக்கரம் பாம்புபோல் நெளியும். அது நெளிவது இயல்பு, விட்டுவிட வேண்டும். எழுந்து நின்று, எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஆக்ஸிலரேட்டரை விடாமல் கொடுத்தால் முன்சக்கரம் மேலே மிதந்து நேராகும். நான் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன். நெளிந்ததும் ஆக்ஸிலரேட்டரை மூடினேன். எடை முழுதும் முன்னால் வந்து சக்கரம் புதைந்தது. ஓடையில் செய்த அதே தவறு.

டயர் காற்றைக் குறைத்தால் மணலில் பிடிப்பு கூடும். தார்ச்சாலைக்கு என் வண்டியில் முன்னால் 25, பின்னால் 32 பிஎஸ்ஐ வைப்பேன். அந்தத் தடத்தில் முன்னால் 20 ஆக்கினேன். ட்யூப் உள்ள டயரில் அதற்கும் கீழே போனால், கல் குத்தி ட்யூப் கிழியும். கையடக்கப் பம்ப் இல்லாமல் காற்றைக் குறைக்காதீர்கள்.

தலைவலி எல்லோருக்கும் வருவதுதானே? மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடலாமே?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர், சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாங்கள் ஒரே நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு ஏறினோம். ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கும் திட்டத்தையும் ஒன்றாகக் குறைத்திருந்தோம்.

அன்றிரவு தம்பி சாப்பிடவில்லை. பத்து மணிக்கு வாந்தி எடுத்தான். தலைவலிக்கு பாரசிட்டமால் கொடுத்தேன், வலி குறைந்தது, நோய் குறையவில்லை. அசிட்டசோலமைடு உடலை உயரத்துக்குப் பழக்க உதவும் மருந்து. அதை ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும், சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்தாகலாம், அதனால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். ஏற்கெனவே நோய் வந்துவிட்டால் முதல் மருந்து கீழே இறங்குவதுதான். சர்ச்சுவின் கொடுமை, இறங்குவதற்கும் முதலில் ஏற வேண்டும். பின்னால் பாரலாச்சா கணவாய் 4,850 மீட்டருக்கு மேல், முன்னால் லாச்சுங் லா கணவாய் 5,000 மீட்டருக்கு மேல்.

காலையில் அவனை ஒரு நேர்கோட்டில், குதிகாலோடு விரல்நுனி தொடும்படி அடி வைத்து நடக்கச் சொன்னேன். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தள்ளாடவில்லை. ஆனால் தலைவலி போகவில்லை, தேநீர்கூட வயிற்றில் தங்கவில்லை. வண்டிகளைக் கூடாரக்காரரிடம் விட்டுவிட்டு, வாடகை ஜீப்பில் கேலாங் மருத்துவமனைக்கு இறங்கினோம். மூன்று நாள் போனது. முழுதாகத் தேறிய பிறகுதான் மறுபடி ஏறினோம்.

கூட வருபவர் தன் உடம்பு சரியில்லை என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றால் என்ன செய்வது?

தம்பியும் அப்படித்தான். "லேசான தலைவலிதான் அக்கா, லேயில் போய்த் தூங்கினால் சரியாகிவிடும்" என்று அன்று காலை ஐந்து முறை சொன்னான். உயரநோய் யோசிக்கும் திறனையே மங்கச் செய்யும் என்பதால், நோயாளியின் வாக்கை ஏற்க முடியாது. அந்தக் குளிரில் நின்று அவனோடு வாதாடியது என் நான்கு விழுகைகளையும்விடக் கடினமாக இருந்தது.

இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு, ஊரிலேயே பேசி எழுதியது. யார் ஒருவர் "இறங்கலாம்" என்றாலும் மற்றவர் மறுக்கக் கூடாது. காரணமும் கேட்கக் கூடாது. களைப்புக்கும் அதே விதிதான். யாராவது "இன்று போதும்" என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

சர்ச்சு இவ்வளவு சிக்கல் என்றால் வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. சிறீநகர் வழியாக லேக்குப் போய், திரும்பும்போது மனாலி வழியாக இறங்குங்கள். கார்கில் சுமார் 2,700 மீட்டர், லே 3,500 மீட்டர். ஏற்றம் படிப்படியாக இருக்கும், உடம்பு பழகிவிடும். லேயில் சில நாள் இருந்துவிட்டுச் சர்ச்சுவுக்கு வருவது, மனாலியிலிருந்து நேரே ஏறி வருவதைவிட எவ்வளவோ மேல். விடுமுறை குறைவு என்பதற்காக மனாலி வழியைத் தேர்ந்தெடுத்தோம். கடைசியில் அந்த மூன்று நாளைக் கேலாங்கில் செலவழித்தோம்.

நடந்த தவறுகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறீர்கள்? எனக்கு எல்லாம் கலந்துவிடுகிறது.

அன்றிரவே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் கல்லின் மேலும் சாலையின் மேலும் பழி போட்டுவிடுவோம். நான் நான்கு விஷயங்கள் எழுதுகிறேன்: மணி என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டேன், விழுவதற்கு முன் கண் எங்கே இருந்தது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன முடிவு எடுத்தேன். உப்ஷி விழுகைக்கு நேராக "தங்லங் லா இறங்கியதும் பசித்தது. லே பக்கம்தானே என்று நிறுத்தவில்லை" என்று இருக்கிறது. நல்ல தார்ச்சாலையில், வளைவில் சிதறிக் கிடந்த ஜல்லியில் சறுக்கினேன். அதில் வண்டியைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை.

திரும்பி வந்த பிறகு மறுபடியும் பயிற்சிக்குப் போனீர்களா?

போனேன், அதே தளத்துக்கு. நோட்டைப் பயிற்சியாளரிடம் காட்டி, இந்த முறை வகுப்பை மாலையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் நான்கு பக்கங்களையும் நிதானமாகப் படித்துவிட்டு, "மூட்டையையும் கட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். ஓசூரிலிருந்து கிளம்பி, நாள் முழுதும் சுற்றி, மாலை நாலரைக்குத் தளத்தில் இறங்கினேன். தண்ணீர் நிரப்பிய பள்ளத்தில் அவர் கற்களைக் கொட்டி வைத்திருந்தார். இருட்டும்வரை பதினொரு முறை கடந்தேன். ஆறாவது முறை கண் மீண்டும் ஒரு கல்லில் நின்றது, கால் ஊன்றிவிட்டேன். அதையும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன்: ஐந்து இருபது.